ஓங்கிய குரலும் ஓங்கிய கையும்: அரசியல் பேச்சு எந்த இடத்தில் மிரட்டலாகிறது?

தேர்தல் நெருங்கும் நாட்களில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு தேநீர்க் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் இரண்டு குரல்களைக் கேட்கலாம். "பேசுனதுக்கு எல்லாம் கேஸா? பெறவு வாயத் தச்சுக்கிட்டுத்தான் திரியணும்" என்பது ஒன்று. "இப்படிப் பேசுனவன உள்ள தூக்கிப் போடாம விட்டா நாளைக்கு எல்லாவனும் பேசுவான்" என்பது மற்றது. முதலாமவர் சொல் ஒருபோதும் குற்றமாகாது என்று நினைக்கிறார். இரண்டாமவர் காதுக்குக் கசக்கும் சொல் எல்லாமே குற்றம் என்று நினைக்கிறார். இரண்டுமே தவறு. பேசியவரின் கட்சி மாறினால் இந்த இருவரும் தங்கள் வாதங்களை மாற்றிக்கொள்வதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பேச்சுரிமை எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு, "சொல் எவ்வளவு கடுமையானது?" என்ற அளவுகோலைக் கொண்டு விடை தேட முடியாது. அந்தச் சொல் யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, எதைச் செய்வதற்காகச் சொல்லப்பட்டது என்பதே சட்டம் பார்க்கும் இடம். அதைப் புரிந்துகொள்ள நீதிமன்றத்துக்குப் போகுமுன் குளச்சல் கடற்கரைக்குப் போவோம்.

ஒரே வாக்கியம், ஐந்து வாய்கள்

விடியற்காலையில் ஒரு முதியவர் காற்றின் போக்கைப் பார்த்துவிட்டு, வள்ளத்தைத் தள்ளும் இளைஞனிடம் சொல்கிறார்: "மக்கா, இன்னைக்குக் கடலுக்குப் போவாத. போனா திரும்பமாட்ட." இது எச்சரிக்கை. வரப்போகும் தீங்கு கடலின் கையில் இருக்கிறது. முதியவரின் கையில் இல்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுபவர் புயலை உண்டாக்குவதில்லை அல்லவா?

சிறிது தள்ளி, அதே இளைஞனோடு பகை கொண்ட ஒருவர் வள்ளத்தின் அணியத்தில் கை வைத்துக்கொண்டு சொல்கிறார்: "லேய், இன்னைக்குக் கடலுக்குப் போவாத. போனா திரும்பமாட்ட." விளிச்சொல் ஒன்றைத் தவிர வாக்கியம் மாறவில்லை. ஆனால் தீங்கு இப்போது பேசுபவரின் கைக்கு வந்துவிட்டது. கேட்பவன் தன் உரிமைப்படி செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் தடுப்பதே பேச்சின் நோக்கம். இதுதான் மிரட்டல்: தன்னால் விளைவிக்கக்கூடிய தீங்கைக் காட்டி, கேட்பவரை அஞ்ச வைப்பதற்காகப் பேசுவது.

மூன்றாவது மனிதர் அந்த இளைஞனிடம் பேசவே இல்லை. தன்னைச் சூழ்ந்து நிற்கும் பத்துப் பேரைப் பார்த்து, "அவன் இன்னைக்குக் கடலுக்குப் போனா திரும்பி வரக்கூடாது, பாத்துக்கிடுங்க" என்கிறார். இது தூண்டுதல், அதாவது பிறரைக் குற்றம் செய்ய ஏவுவது. மிரட்டல், அடிபடப் போகிறவரின் காதுக்காகப் பேசப்படுகிறது. தூண்டுதல், அடிக்கப் போகிறவர்களின் காதுக்காகப் பேசப்படுகிறது. செய்தித்தாள்களும் தொலைக்காட்சி விவாதங்களும் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்ளும் வேறுபாடு இதுதான்.

நான்காமவர் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை, தான் அடிப்பதாகவும் சொல்லவில்லை. "அவன் ஆளுங்க எல்லாரும் இப்படித்தான், அந்தக் கூட்டமே கரையில இருக்கத் தகுதி இல்லாத கூட்டம்" என்று ஊரைக் கூட்டிப் பேசுகிறார். இது வெறுப்புப் பேச்சு: ஒருவர் செய்ததற்காக அன்றி, அவர் பிறந்த சாதி, மதம், மொழி, இடம் ஆகியவற்றுக்காக ஒரு கூட்டத்தையே பகையாக்கும் பேச்சு.

ஐந்தாமவர் ஒரு பாட்டி. வலையை உலர்த்த இடம் விடாத கோபத்தில், "நாசமாப் போவ" என்று மண்ணை வாரித் தூற்றுகிறார். இது சாபம். கேட்க நன்றாக இல்லை. ஆனால் பாட்டியின் கோபத்துக்குக் கடல் கட்டுப்படும் என்று எந்த நீதிமன்றமும் நம்பாது.

சுருக்கமாகச் சொன்னால், எச்சரிக்கை, மிரட்டல், தூண்டுதல், வெறுப்புப் பேச்சு, சாபம் அல்லது வசை என்ற ஐந்தும் வெவ்வேறு பொருட்கள். நடுவில் உள்ள மூன்றுதான் நாம் இங்கே பார்க்கும் சட்டப் பிரிவுகளின் எல்லைக்குள் வரக்கூடியவை. அவையும் ஒரே பிரிவின் கீழ் வருவதில்லை.

"ஒழிக" என்றால் என்ன பொருள்?

தமிழ்நாட்டு அரசியல் மேடை மிகைச் சொற்களால் கட்டப்பட்டது. "ஒழிக" என்ற முழக்கத்தின் நேர்ப்பொருளை எடுத்தால், அது ஒருவர் இல்லாமற்போக வேண்டும் என்ற விருப்பம். ஆனால் அதைக் கேட்டு எந்த அமைச்சரும் உயிருக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒளிந்ததில்லை. கொடும்பாவி எரிப்பவர்கள் மனிதரை எரிக்கப் போவதாக யாரும் எண்ணுவதில்லை. "தோலை உரிப்போம்" என்று மேடையில் சொன்னால் கணக்குக் கேட்போம் என்றுதான் பொருள். இனயத்திலும் பின்னர் கோவளம் பகுதியிலும் சரக்குப் பெட்டகத் துறைமுகத் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடினார்கள். அப்படிப்பட்ட போராட்டத்தில் ஒருவர் "எங்கள் பிணத்தின் மேல்தான் துறைமுகம் வரும்" என்று முழங்கினால், அந்த வாக்கியத்தில் பிணமாகிறவர் பேசுபவரே. அதைக் கேட்டு அதிகாரி சங்கடப்படலாம், ஆனால் அது அவரை மிரட்டியதாகாது.

இப்படிப்பட்ட பேச்சுக்கு அரசியல் மிகைக்கூற்று என்று பெயர். அமெரிக்காவில் 1966-இல் ஒரு கூட்டத்தில் 18 வயது இளைஞர் ஒருவர், தன்னைக் கட்டாயப்படுத்தித் துப்பாக்கி ஏந்த வைத்தால், தான் முதலில் குறி வைக்க விரும்புவது அதிபர் ஜான்சனைத்தான் என்று சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவருக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1969-இல் ரத்து செய்தது: வாக்கியம் ஒரு நிபந்தனையோடு சொல்லப்பட்டது, இடம் அரசியல் கூட்டம், கேட்டவர்கள் சிரித்தார்கள், எனவே அது உண்மையான மிரட்டல் அன்று என்றது. இந்த வழக்கை நான் எடுத்துக்காட்டுவது அது எல்லை எங்கே என்பதைத் தெளிவாகக் காட்டுவதால்தான். அமெரிக்கச் சட்டம் நம் சட்டம் என்பதால் அன்று. சமூக ஊடகங்களில் அமெரிக்கத் தீர்ப்புகளை நம் காவல் நிலையத்துக்குள் கொண்டுபோகும் பழக்கம் பரவிவிட்டது. அங்கே பேச்சுரிமையின் வேலி வேறு இடத்தில் நடப்பட்டிருக்கிறது.

நம் வேலி எங்கே நடப்பட்டது?

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்களுக்குப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. 19(2) பிரிவு, அந்த உரிமையின் மேல் அரசு எந்தக் காரணங்களுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம் என்று பட்டியலிடுகிறது. இந்தப் பட்டியலின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. பம்பாயிலிருந்து ரோமேஷ் தாப்பர் நடத்திய "கிராஸ் ரோட்ஸ்" என்ற ஆங்கில வார இதழ் தன் எல்லைக்குள் வரக்கூடாது என்று மெட்ராஸ் மாநில அரசு தடை விதித்தது. 1950-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பொது அமைதிக்குக் கேடு என்ற காரணம் அன்றைய 19(2)-இல் இல்லை என்பதே அடிப்படை. அடுத்த ஆண்டே முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. பொது ஒழுங்கு, அயல்நாடுகளோடு நட்புறவு, குற்றம் செய்யத் தூண்டுதல் ஆகியவை பட்டியலில் சேர்ந்தன. கூடவே, விதிக்கும் கட்டுப்பாடு "நியாயமான" கட்டுப்பாடாக இருக்க வேண்டும் என்ற சொல்லும் சேர்ந்தது. (அப்போது நம் ஊர் மெட்ராஸில் இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது.)

இன்று அந்தப் பட்டியலில் எட்டுக் காரணங்கள் இருக்கின்றன. நாட்டின் இறையாண்மை, அரசின் பாதுகாப்பு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு போன்றவை நம் பேச்சுக்கு நேரடியாகத் தேவையில்லை. பொது ஒழுங்கும் குற்றம் செய்யத் தூண்டுதலும்தான் தேவை. "மனம் புண்பட்டது" என்ற பொதுவான காரணம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்சியாளர்களைக் கோபப்படுத்துவதும் இல்லை.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேச்சை மூன்று படிகளாகப் பிரித்தது. முதல் படி, ஒரு கருத்தை விவாதிப்பது. இரண்டாவது, அதற்காக வாதாடுவது. மூன்றாவது, தூண்டுவது. எவ்வளவு வெறுக்கத்தக்க கருத்தாக இருந்தாலும் முதல் இரண்டு படிகளில் நிற்கும் வரை அதற்குப் பாதுகாப்பு உண்டு. மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் 19(2) உள்ளே வருகிறது.

தீக்குச்சியும் சாரலும்

மூன்றாவது படியில் கால் பட்டதா என்பதை எப்படி அறிவது? நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரண்டு பருவமழையையும் பெறுகிறது. ஆனி, ஆடிச் சாரலில் நனைந்த ஓலைக் குவியலில் ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் புகைகூட வராது. மாசி வெயிலில் காய்ந்த அதே ஓலையில் போட்டால் புரையே (வீடே) எரிந்துபோய்விடும். தீக்குச்சி ஒன்றுதான், அது விழும் இடம்தான் வேறு.

நீதிமன்றங்களும் ஏறத்தாழ இந்த உவமையையே பயன்படுத்தியிருக்கின்றன. இடஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்த் திரைப்படத்தைத் திரையிடலாமா என்ற வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், பேச்சுக்கும் அதனால் விளையும் தீங்குக்கும் இடையிலான தொடர்பு வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறிபோல நெருக்கமாக இருக்க வேண்டும் என்று சொன்னது. திருவிழாவுக்குக் கதினா வெடி நிரப்பும் இடத்தில் பீடியோடு நிற்பவரைப் பார்த்தவர்களுக்கு இந்த வாக்கியத்துக்கு உரை தேவையில்லை. "என்றாவது ஒருநாள், யாராவது ஒருவர், இதைக் கேட்டு ஏதாவது செய்துவிடக்கூடும்" என்பது போதாது.

நனைந்த ஓலையில் விழுந்த தீக்குச்சிக்கு எடுத்துக்காட்டு, 1984 அக்டோபர் 31 அன்று, பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்ட அதே நாளில், சண்டிகரில் ஒரு திரையரங்குக்கு முன்னால் நடந்தது. அரசு ஊழியர்கள் சிலர் காலிஸ்தானை (தனிச் சீக்கிய நாடு என்ற கோரிக்கையை) வாழ்த்தி ஓரிரு முறை முழங்கினார்கள். அதற்குமேல் எரிச்சலூட்டும் நேரத்தை ஒருவரால் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. ஆனால் போவோர் வருவோர் யாரும் அதற்குச் செவிகொடுக்கவில்லை, எந்தக் கலவரமும் எழவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. எனக்கு இது துணிச்சலான தீர்ப்பாகவே படுகிறது.

ஆனால் இதே அளவுகோல் கடுமையான பக்கமும் திரும்பும். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறித்தவ மோதலையும், துப்பாக்கிச் சூட்டையும், அதைத் தொடர்ந்து கடற்கரையிலும் உள்நாட்டிலும் பரவிய கலவரத்தையும் நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே இன்னும் வாழ்கின்றன. வேறொரு மாவட்டத்தில் சலிப்போடு கேட்டுவிட்டுப் போகக்கூடிய ஒரு மதப் பழிச்சொல், கோவில் திருவிழாவும் குருசடி (சிறு கிறித்தவ வழிபாட்டிடம்) திருவிழாவும் ஒரே தெருவில் நடக்கும் இடத்தில் அப்படிக் கடந்துபோகாது. வெறுப்புப் பேச்சைப் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில், பேசியவர் யார், அவருக்கு எவ்வளவு செல்வாக்கு, என்ன சொன்னார், எந்தச் சூழலில் சொன்னார் என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதன் பொருளும் இதுதான். ஆயிரம் பேரைப் பின்னால் வைத்திருப்பவரின் வாயிலிருந்து வரும் சொல்லும், ஆற்றூர்ச் சந்திப்பில் தனியாகப் புலம்புபவரின் சொல்லும் ஒரே எடை அல்ல.

இதுவரை சொன்னது தூண்டுதலைப் பற்றி: சொல், இடம், நேரம், பேசுபவரின் செல்வாக்கு ஆகியவை சேர்ந்து, தீங்கு எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கிறதா என்பதே கேள்வி. மிரட்டலுக்குக் கேள்வி வேறு.

மிரட்டலின் உள்ளமைப்பு

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பழைய 503, 506, 507 பிரிவுகளில் இருந்த குற்றமுறு மிரட்டல் இப்போது 351-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒருவரின் உடலுக்கோ, சொத்துக்கோ, நற்பெயருக்கோ, அவருக்கு வேண்டியவரின் உடலுக்கோ நற்பெயருக்கோ தீங்கு செய்வதாக அச்சுறுத்துவது முதல் பகுதி. இரண்டாம் பகுதிதான் பலரும் மறந்துவிடுவது: அவரைக் கலக்கமடையச் செய்யும் நோக்கமோ, செய்யக் கடமையில்லாத ஒன்றைச் செய்ய வைக்கும் நோக்கமோ, செய்ய உரிமையுள்ள ஒன்றைத் தடுக்கும் நோக்கமோ இருக்க வேண்டும். குளச்சலில் வள்ளத்தின் மேல் கை வைத்தவரிடம் இரண்டு பகுதிகளும் இருந்தன. மண்ணை வாரித் தூற்றிய பாட்டியிடம் இரண்டும் இல்லை.

பொதுவான மிரட்டலுக்கு 2 ஆண்டுகள் வரை சிறை. கொலை அல்லது கொடுங்காயம் செய்வதாக மிரட்டினால் 7 ஆண்டுகள் வரை. பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதலாக 2 ஆண்டுகள் வரை உண்டு. போலிக் கணக்கின் பின்னால் ஒளிந்து கொலைமிரட்டல் விடுபவர், தன்னைப் பாதுகாத்துக்கொள்வதாக நினைத்துத் தண்டனையைக் கூட்டிக்கொள்கிறார்.

நோக்கம் இல்லாத கடுஞ்சொல் மிரட்டலாகாது என்பதற்கு பெங்களூரு வழக்கு ஒன்று உண்டு. போக்குவரத்துக் காவல்துறையின் ஃபேஸ்புக் பக்கத்தில், ஒரு அதிகாரி தங்களை நடத்திய விதத்தைக் குறித்துக் கடுமையாக எழுதிய தம்பதியின் மேல் மிரட்டல் வழக்குப் பதிவானது. அஞ்சவைக்கும் நோக்கம் அதில் இல்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

நோக்கம்தான் முக்கியம் என்றால், கேட்பவர் அஞ்சாவிட்டால் மிரட்டல் மிரட்டலில்லாமல் போகுமா? 2023 செப்டம்பரில், அன்று அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலினின் தலைக்கு 10 கோடி ரூபாய் என்று அயோத்தியைச் சேர்ந்த ஒரு சாமியார் அறிவித்தார். தலையைச் சீவ 10 ரூபாய்ச் சீப்பே போதுமே என்று உதயநிதி பதில் சொன்னார். "சீவுதல்" என்ற சொல்லுக்குத் தமிழில் இருக்கும் இரண்டு பொருளும் அந்த நகைச்சுவைக்குள் அடங்கின. ஆனால் குறிவைக்கப்பட்டவர் சிரித்துவிட்டார் என்பதால் மட்டும் அறிவித்தவரின் நோக்கம் மாறிவிடாது. தலைக்கு விலை வைப்பது எவர் தலைக்கானாலும் இரண்டு காதுகளுக்கும் ஒரே நேரத்தில் பேசுகிறது: தலைக்கு உரியவருக்கு மிரட்டல், பணத்தில் கண் வைத்தவருக்கு ஏவல். ஏவிய குற்றம் நடக்காமல் போனாலும், ஏவியது குற்றமே என்பது நம் சட்டத்தில் பழைய விதி.

அருமனையில் பேசியது

ஒரே பேச்சில் இந்தப் பொருட்கள் கலந்து வரும்போது நீதிமன்றம் அவற்றை எப்படிப் பிரிக்கிறது என்பதற்கு எடுத்துக்காட்டு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. 2021 ஜூலையில் அருமனையில் நடந்த ஒரு கூட்டத்தில் கத்தோலிக்க அருட்தந்தை ஒருவர் ஆற்றிய உரை காணொளியாகப் பரவி, அவர் கைது செய்யப்பட்டார். மிரட்டல், பகை வளர்த்தல், மத உணர்வைப் புண்படுத்துதல் முதலான பல பிரிவுகள் அவர்மேல் சேர்க்கப்பட்டிருந்தன. 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றமுறு மிரட்டல் உள்ளிட்ட சில பிரிவுகளை நீக்கியது. பகை வளர்த்தலையும் மத உணர்வையும் பற்றிய பிரிவுகளை நீக்க மறுத்தது. பிரிவை நீக்க மறுப்பது, குற்றம் உறுதியானது என்று சொல்வதாகாது. விசாரணை நடக்கட்டும் என்பது மட்டுமே. அன்று ஊரில் நடந்த வாக்குவாதங்களில் அவரை முழுதாக ஆதரித்தவர்களும் முழுதாக எதிர்த்தவர்களும் இருந்தார்கள். உரையைப் பகுதி பகுதியாகப் பார்த்தவர்கள் குறைவு.

பகை வளர்த்தல் இப்போது புதிய சட்டத்தின் 196-ஆம் பிரிவு. 3 ஆண்டுகள் வரையும், வழிபாட்டிடத்தில் செய்தால் 5 ஆண்டுகள் வரையும் சிறை உண்டு. "வெறுப்புப் பேச்சு" என்ற பெயரில் தனி வரையறை இந்தச் சட்டத்தில் இல்லை. நாம் அந்தப் பெயரால் அழைப்பது இதுபோன்ற பிரிவுகளின் வழியாகவே வழக்காகிறது.

யாருடைய காதால் கேட்பது?

எதற்கும் அஞ்சுபவரின் காதால் கேட்டால் எல்லாப் பேச்சும் மிரட்டலாகிவிடும். ஒரு கவிதையைப் பகிர்ந்ததற்காக நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்மேல் குஜராத்தில் பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சின் விளைவை உறுதியான மனமும் துணிவும் உள்ள மனிதர்களின் அளவில் பார்க்க வேண்டும், ஒவ்வொரு விமர்சனத்திலும் ஆபத்தைக் காண்பவர்களின் அளவில் அன்று என்றது. மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், வழக்குப் பதியுமுன் 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வழிசெய்திருப்பதையும் சுட்டிக்காட்டியது.

எல்லாவற்றையும்விட அதிகமாக அஞ்சும் காது பெரும்பாலும் அரசின் காதுதான். தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்ற முழக்கம் அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி அரசுக்கு ஆபத்தாகத் தெரிந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 அன்று, அதே கோரிக்கை நாட்டின் சட்டமாயிற்று.

ஒரு குரல்பதிவைப் பிரித்துப் பார்ப்போம்

கடைசியாக ஒரு கற்பனைக் குரல்பதிவு. உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய இரவு, நான்கு நிமிடம் ஓடும் ஒரு பதிவு வாட்ஸ்அப்பில் வருகிறது. முதல் மூன்று நிமிடங்கள் எதிர்த்தரப்பு வேட்பாளரின் ஊழல், அவருடைய பரம்பரை, அவர் முகம் என்று வசை ஓடுகிறது. கேட்கக் கூசும், வேட்பாளர் விரும்பினால் அவதூறு வழக்குத் தொடரலாம், ஆனால் இதில் மிரட்டல் இல்லை. அடுத்து, "அவன் ஜெயிச்சா இந்த ஊர் சுடுகாடுதான்" என்கிறது குரல். இது முன்னுரைப்பு, யார் சுடுகாடாக்குவார் என்று அது சொல்லவில்லை. நான்காவது நிமிடத்தில் குரல் சற்றுத் தணிகிறது. "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு அவன் பூத்துக்கு வருவான். நம்ம பிள்ளைங்க நாலு பேரு அங்க நிக்கணும். அவன் உள்ள போகக்கூடாது." ஒரு வசைச்சொல்கூட இல்லாத வாக்கியங்கள். நேரம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், ஒருவரின் வாக்குரிமையைத் தடுக்கும் நோக்கம் இருக்கிறது. காவல் நிலையத்தில் அந்தப் பதிவை ஓட்டிப் பார்க்கும் அனுபவமுள்ள அதிகாரி முதல் மூன்று நிமிடங்களைத் தள்ளிவிட்டு இந்த இடத்தில்தான் நிறுத்துவார்.